உனக்கு ரெக்ஸ் என்று பேர் வைத்த கதை

என் மகன் ரெக்ஸுக்கு,

நீ அனுப்பிய பேர்ப் பட்டியல் போன புதன்கிழமை வந்தது. போனில் எழுத்து சின்னதாகத் தெரிகிறது என்று அம்மா சொன்னதால் நான்தான் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். ஐரின், சமாதானம். சோபியா, ஞானம். ஸ்டெல்லா, நட்சத்திரம். கிளாரா, வெளிச்சம். செலினா, நிலா. மெலிசா, தேனீ. தேனீ என்றதும் அம்மா, "ஐயோ, கொட்டுமே!" என்று சிரித்தாள். எல்லாம் பழைய கிரேக்கப் பேர்கள், ரோமாபுரிப் பேர்கள், ஆயிரக்கணக்கான வருஷமாகப் பிள்ளைகளுக்கு வைத்துவருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் ஏதோ ஒன்றைத் தொட்டுக் காட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். கீழே இன்னும் இரண்டு வரி எழுதியிருந்தாய். "அப்பா, அந்தக் காலத்திலேயே எனக்கு இப்படி ஒரு பேரைப் படித்துத் தேடி வைத்தவர் நீங்கள். என் மகளுக்கும் நீங்களே எடுத்துக் கொடுங்கள். இருபத்தெட்டாம் நாள் பேர் வைக்கும்போது அவள் காதில் நீங்கள்தான் சொல்ல வேண்டும்." அந்த வரியை நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. கண் வலிக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் சாயந்தரம் நல்லேப்பிள்ளியிலிருந்து உன் மாமனார் கூப்பிட்டார். நல்ல மனுஷர், எதையும் சுற்றி வளைக்க மாட்டார். "ஏனுங்க சம்பந்தி, மாப்பிள்ளை என்னென்னமோ பேரெல்லாம் சொல்றாருங்க. எங்க ஊட்டுல ஆருக்கும் வாய்ல நொழைய மாட்டேங்குது. எங்க குலசாமி பேரு ஒண்ணு வெக்கோணும்னு எனக்கு ஆசைங்க. அதெல்லாம் இருக்கட்டும். மாப்பிள்ளைக்கே அந்தப் பேரு எப்படிங்க வந்துது? நீங்க பெரிய படிப்பாளியாமுங்க, சரித்திரப் புத்தகத்துல பார்த்து வெச்சீங்கன்னு மாப்பிள்ளை சொல்லிச் சொல்லிப் பெருமைப்படறாரு" என்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆமாங்க, லைப்ரரி புத்தகத்துல பார்த்தது" என்றேன். அறுபது வயது தாண்டியாயிற்று, பேத்தி பிறந்தாயிற்று, இன்னமும் அதே பொய். அன்றைக்குத்தான் இந்தக் கடிதத்தை எழுதுவது என்று முடிவு செய்தேன். போனில் சொல்லலாம்தான். சொன்னால் நடுவிலேயே நீ "சரிப்பா, விடுங்க" என்பாய், நானும் விட்டுவிடுவேன். காகிதம் அப்படிச் சொல்லாது.

இந்த மலையில் இப்படிப்பட்ட பேர்களுக்குப் பஞ்சமில்லை. பால் கொண்டுவரும் வர்கீஸ் சேட்டனுடைய பேர்கூடக் கிரேக்கத்திலிருந்து வந்ததுதான், உழவன் என்று அர்த்தம் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். ஏலக்காய்க் கடை பீலிப்போஸ் என்றால் குதிரைப் பிரியன். ஆட்டோ ஓட்டுகிற சாண்டியின் பேர் அலெக்சாண்டர் தேய்ந்து தேய்ந்து வந்ததாம். அவர்களுக்கெல்லாம் அது சர்ச் வழியாகவும் தாத்தா வழியாகவும் வந்தது. மாரியம்மனுக்கு மாவிளக்கு வைக்கிற குடும்பத்தில் பிறந்த உனக்கு எந்த வழியாக வந்தது என்பதை இப்போது சொல்கிறேன். புத்தகம் எதுவும் இல்லை. உன் பேர் ஒரு நாயின் பேர்.

முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

எனக்குக் கல்யாணம் ஆன புதிதில் மலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு எஸ்டேட்டில், மேனேஜர் பங்களாவில் தோட்ட வேலைக்குப் போனேன். நீ வளர்ந்த காலத்தில் மேனேஜர் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள், எங்களுக்கு அவர் துரைதான். அம்மா சூரியநெல்லியில் தேயிலைக் கொழுந்து எடுத்தாள், அங்கே தொழிலாளர் லயத்தில்தான் எங்கள் வீடு. நான் திங்கட்கிழமை விடியக்காலையில் நடக்கத் தொடங்கினால் ஒன்பது மணிக்குப் பங்களாவில் இருப்பேன். சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை கொடுத்திருந்தார்கள். சனிக்கிழமை சாயந்தரம் திரும்பி வருவேன். ரோஜாப் பாத்தி, புல்தரை, வேலி, எல்லாம் என் பொறுப்பு. நான் போன அதே மாதம் துரை ஒரு நாய்க்குட்டி வாங்கி வந்தார். அதற்குச் சோறு வைப்பதும் குளிப்பாட்டுவதும் என் தலையில் விழுந்தது. மெலிந்த கால், பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். அதற்கு ரெக்ஸ் என்று பேர் வைத்தார்.

துரை கெட்டவர் இல்லை. கையை நீட்டி அடித்ததில்லை, வசவு சொன்னதில்லை. ஆனால் பத்து வருஷத்தில் ஒரு நாள்கூட என் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டதில்லை. "கார்டன்!" என்பார். எனக்கு முந்தி இருந்தவனும் கார்டன்தான், எனக்குப் பின்னால் வந்தவனும் கார்டன்தான். எனக்கு அது அப்போது பெரிய குறையாகத் தெரியவில்லை. எங்கப்பாகூட என்னை "ஏலே" என்பதற்கு மேல் கூப்பிட்டதில்லை. ஒருமுறை துரை பத்துப் பதினைந்து நாள் வெளியூர் போய்விட்டுத் திரும்பினார். ஜீப்பிலிருந்து இறங்கியதும் சட்டையும் பேன்ட்டும் அழுக்காவதைப் பார்க்காமல் சரளைக்கல் மேலேயே மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் விரித்து, "ரெக்ஸ்! ரெக்ஸ்!" என்று கூப்பிட்டார். குரல் கரகரத்தது. நாய் உருண்டு புரண்டு ஓடி வந்தது. நான் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஒரு பேரை இப்படியும் கூப்பிடலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மூன்றாம் மாதம் நீ பிறந்தாய்.

ஆஸ்பத்திரியில் உன்னைக் கையில் வாங்கியதும் என் வாயில் வந்தது அந்தப் பேர்தான். யோசித்து வைத்ததில்லை, கேலிக்கு வைத்ததும் இல்லை. என் மகனை யாராவது அப்படி மண்டியிட்டுக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். அம்மாவுக்கு அவள் அப்பா பேரான சுப்பையாவை வைக்க ஆசை. "அதென்ன ரெக்ஸு? எங்கப்பா பேரு உங்களுக்கு அம்புட்டு மட்டமாப் போச்சா?" என்று கேட்டாள். நாய் பேர் என்று சொன்னால் என்னைச் சும்மா விட மாட்டாள் என்று தெரியும். "ரோமாபுரியில ஒரு ராஜா பேரு. லைப்ரரி புஸ்தகத்துல பாத்தேன்" என்றேன். ராஜா என்ற சொல்லைக் கேட்டதும் இறங்கி வந்தாள். பஞ்சாயத்து ஆபீஸில் பேர் பதியப் போனபோது அங்கிருந்த கிளார்க் பேனாவை நிறுத்தி, "ரெக்ஸோ? நிங்ஙள் கிறிஸ்த்யானியாணோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். என்னையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

அந்தப் பொய் வேர் பிடித்ததற்கு நீயும் ஒரு காரணம். பிளஸ் ஒன் படிக்கும்போது ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்து, "அப்பா, லத்தீன்ல ரெக்ஸ்னா ராஜான்னு அர்த்தமாம், எங்க சார் சொன்னாரு" என்றாய். வாய்க்கு வந்ததைச் சொன்னவன் நான், அது உண்மைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. அம்மா அடுப்படியிலிருந்து, "இத்தன வருஷமா நான் ராசா ராசான்னுதான கூப்பிடுதேன், எனக்கு எந்த சார் சொல்லித் தந்தாரு?" என்று கேட்டாள். மூன்று பேரும் சிரித்தோம். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சிரிப்பு அடங்கட்டும் என்று இருந்தேன், அப்புறம் நேரம் போய்விட்டது.

இதுவரைக்கும் சொன்னது சின்னத் தப்பு. பெரியதை இனிமேல்தான் சொல்லப் போகிறேன்.

உனக்கு ஆறு வயது இருக்கும். அம்மாவுக்கு டைபாய்டு காய்ச்சல் கண்டு அடிமாலி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம், சித்தி கூட இருந்து பார்த்துக்கொண்டாள். உன்னை விட்டுவர ஆள் இல்லாமல் இரண்டு நாள் என்னோடு பங்களாவுக்குக் கூட்டிப் போனேன். வழியெல்லாம் தோளில்தான் வந்தாய். "முன்பக்கம் வரக்கூடாது, சமையலறைப் பக்கமே இரு" என்று சொல்லி வைத்திருந்தேன். இரண்டாம் நாள் காலையில் நான் ரோஜாவுக்குக் கவாத்து பண்ணிக்கொண்டிருந்தேன், நீ என் பின்னால் உட்கார்ந்து வெட்டிய குச்சிகளை அடுக்கிக்கொண்டிருந்தாய். துரை புல்தரையில் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். கப்பை வைத்துவிட்டு, அதே குரலில், "ரெக்ஸ்! கம் ஹியர், மை பாய்!" என்று கூப்பிட்டார்.

நீ குச்சிகளைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினாய். "இந்தா வாரேன்!" என்று சத்தம் போட்டுக்கொண்டே ஓடினாய். பிடிக்க நான் கை நீட்டுவதற்குள் பாத்தியைத் தாண்டிப் புல்தரையில் இறங்கிவிட்டாய். அந்தப் பக்கத்திலிருந்து நாயும் ஓடி வந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவர் முன்னால் போய் நின்றீர்கள். உன் முகத்தை நான் பக்கவாட்டில் பார்த்தேன். ஒருவர் ஆசையாகக் கூப்பிட்டதற்கு ஓடி வந்த முகம் அது.

துரை திகைத்துப்போய், "யாரு இது?" என்றார். நான் கத்தரிக்கோலோடு ஓடி வந்து, "என் மகன் துரை. அவங்கம்மா ஆஸ்பத்திரியில கெடக்கா, அதான்" என்றேன். அவர் உன்னைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தார். குனிந்து, "உன் பேர் என்ன?" என்று கேட்டார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. வாயைத் திறந்துவிட்டாய். அதற்குள் நான், "ராசு, துரை" என்றேன்.

நீ வாயை மூடிக்கொண்டாய். துரை, "ராசு, நாயைத் தொடாதே, புது ஆள்னா கடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்தார். அந்த நாய் உன் கையை நக்கிக்கொண்டிருந்தது. நான் உன்னை இழுத்துக்கொண்டு பின்பக்கம் வந்தேன். மத்தியானம் வரைக்கும் குச்சி அடுக்க வராமல் சமையலறைப் படியிலேயே உட்கார்ந்திருந்தாய். சோற்றைப் பிசைந்து கொடுத்தபோதுதான் கேட்டாய்.

"அப்பா, ராசுன்னா யாரு?"

"அது சும்மா. தொரைட்ட அப்படித்தான் சொல்லணும்."

"எதுக்கு?"

"அந்த நாய்க்கும் உன் பேருதான். தொர கோச்சுக்கிடுவாரு."

நீ நாயைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "அது என் பேர வச்சிருக்குன்னு நான் கோச்சுக்கிடலியே" என்றாய். சாப்பிடு என்று அதட்டினேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து உன் டீச்சர் ஆள் அனுப்பினார். பள்ளிக்கூடம் பார்க்க வந்த ஆபீஸர் பிள்ளைகளிடம் பேர் கேட்டிருக்கிறார். எல்லாப் பிள்ளையும் சொல்லியிருக்கிறது, நீ மட்டும் நின்றுகொண்டே இருந்திருக்கிறாய். "வீட்டில் ஏதாவது பிரச்சினையா? புது ஆள் யார் பேர் கேட்டாலும் சொல்வதில்லை. அப்பா சொல்லுவாங்க என்று சொல்லிவிட்டு நிற்கிறான்" என்றார் டீச்சர். நான் தெரியாதவன் மாதிரித் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வருகிற வழியில் தேயிலைச் செடிக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். பசியிலும் அழாதவன், எங்கப்பா செத்தபோதும் அழாதவன். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. வாராவாரம் சனி, ஞாயிறு உன்னை நிறுத்தி வைத்து, "உன் பேரு என்ன? சத்தமாச் சொல்லு" என்று பழக்கினேன். விளையாட்டு மாதிரிச் செய்தோம். கொஞ்சம் கொஞ்சமாகச் சரியானாய். பிள்ளையின் காலை நானே முறித்துவிட்டு நானே நடை பழக்கினேன் என்றுதான் அப்போது தோன்றும்.

அடுத்த வருஷம் அந்த நாய் செத்தது. வயிறு வீங்கி நாலு நாள் கிடந்தது. துரை அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தார். அதையும் சொல்ல வேண்டும், அவர் அழுததை நான் பார்த்தேன். ரோஜாப் பாத்திக்குப் பக்கத்தில் நான்தான் குழி வெட்டினேன். நான் சோறு வைத்து வளர்த்த நாய், எனக்கும் வருத்தம்தான். மூன்றாம் நாள் துரை என்னைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தைக் கொடுத்தார். "போடிக்குப் போ. கல்லு வெட்டுறவன்கிட்ட இதைக் கொடுத்து, பெரிசா எழுத்து வெட்டச் சொல்லு" என்றார். நான் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பூப்பாறை வரைக்கும் ஜீப்பில் வந்தேன். போடி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது சும்மா பிரித்துப் பார்த்தேன். மூன்று இங்கிலீஷ் எழுத்து. எனக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும், அந்த மூன்று எழுத்து மட்டும் நன்றாகத் தெரியும். உன் நோட்டு அட்டையில் ஒவ்வொன்றிலும் நீ கோணல் மாணலாக எழுதி வைத்திருக்கிற எழுத்து.

போடி பஸ் வந்தது. ஏறவில்லை. இன்னொரு பஸ் வந்தது, அதிலும் ஏறவில்லை. டீக்கடைக்காரர், "போடிக்குத்தான நிக்கிறீங்க?" என்று கேட்டார். உயிரோடு இருக்கிற பிள்ளையின் பேரைக் கல்லறையில் வெட்டச் சொல்லி எந்த வாயால் சொல்வது? கல்வெட்டுகிறவன் யாருக்கு என்று கேட்டால் நாய்க்கு என்று சொல்வேனா? அந்தக் கல்லைச் சுற்றி வாராவாரம் களை எடுக்கப் போவதும் நான்தான். வந்த வழியே திரும்பி நடந்தேன். ஜீப்பும் கிடைக்கவில்லை, முழுக்க நடைதான். பங்களாவுக்குள் நுழையும்போது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. துரையும் துரைசானி அம்மாவும் வராந்தாவில் இருந்தார்கள்.

"கல்லு சொல்லியாச்சா?" என்றார் துரை.

"இல்ல துரை. அது என் மகன் பேரு. என்னால சொல்ல முடியல."

அவருக்கு முதலில் புரியவில்லை. "உன் மகன் பேர் ராசுன்னு சொன்னியே?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் பேர் தெரியாத மனுஷருக்கு, ஒரு வருஷம் கழித்து, நான் சொன்ன அந்தப் பொய்ப் பேர் ஞாபகம் இருந்தது.

"பொய் சொன்னேன் துரை. என் மகன் பேரு ரெக்ஸு. பொறந்தப்பவே வச்சது. நீங்க கூப்பிடுதத கேட்டுத்தான் வச்சேன்."

அவர் முகம் சிவந்தது. "என் நாய் பேரை உன் பையனுக்கு வச்சுக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தீங்களா? லயத்துல எல்லாரும் சிரிச்சீங்களா?" என்றார். நான் கேலி செய்ததாக நினைத்துவிட்டார். இல்லை துரை என்று சொல்லச் சொல்ல அவர் காதில் விழவில்லை. நாயைப் புதைத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது, அவர் நிலைமையும் எனக்குப் புரிந்தது. ஆனால் நான் தலையைக் குனியவில்லை, ரெக்ஸ். அன்றைக்கு மட்டும் குனியவில்லை. துரைசானி அம்மாதான் எழுந்து வந்து, "குழந்தை பேரைக் கல்லில் வெட்டச் சொன்னால் எந்தத் தகப்பன்தான் போவான்? வேண்டாம், கல் வெறுமனே இருக்கட்டும்" என்று சொல்லி என் கையிலிருந்து காகிதத்தை வாங்கிக்கொண்டார்கள். அப்படியே நடந்தது. எழுத்தில்லாத ஒரு கல் வைத்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை போனபோது பங்களா வேலை இல்லை, தேயிலைக் காட்டில் மருந்தடிக்கப் போ என்றார்கள். முதுகில் மருந்து டாங்கியைக் கட்டிக்கொண்டு சரிவில் ஏறி இறங்குகிற வேலை. ஒன்றரை வருஷம் செய்தேன். அப்புறம் சூரியநெல்லிப் பக்கமே ஃபாக்டரியில் இடம் கிடைத்து உங்களோடு வந்து சேர்ந்தேன். பங்களா வேலை ஏன் போனது என்று அம்மா கேட்டபோது, துரைக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டார் என்றேன். பெருமைப்பட்டுச் சொல்லக்கூடிய ஒரே காரியத்தையும் சொல்ல முடியாமல் வைத்திருந்தேன், முதல் பொய்யைச் சொல்லாமல் அதைச் சொல்ல வழியில்லையே. ஒரு பொய் நல்லதையும் சேர்த்து விழுங்கிவிடும் என்பதை அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முன்னால் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொழுந்து மூட்டை சுமந்து காய்ப்பேறின கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். நாய் என்ற இடத்தில் அடிப்பாள் என்று நினைத்தேன், ஒன்றும் சொல்லவில்லை. ராசு என்று சொன்ன இடத்தில்தான் எழுந்து போய்விட்டாள். மறுநாள் காலையில் டீயை வைத்துவிட்டு, "நாய் பேர வச்சதுக்கு எனக்குக் கோவம் இல்ல. அன்பா வச்சிருக்கீங்க. கேட்டப்ப சொல்லல பாருங்க, பிள்ளை நம்ம வாயப் பாத்துக்கிட்டு நிக்கும்போது, அதுதான் எனக்கு ஆறல. அவன்ட்ட நீங்களே சொல்லுங்க, நான் சொல்ல மாட்டேன்" என்றாள். அவள் சொன்னது சரி. நானும் அப்படித்தான் இதைப் பிரித்துப் பார்க்கிறேன்.

உன் மாமனாருக்கும் போன் போட்டேன். நான் படிப்பாளி இல்லை, எட்டாவதோடு நின்றவன், பேர் வந்த வழி இது என்று சுருக்கமாகச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க, எங்கிட்டச் சொன்னது சரி. நாலு பேரு வர்ற எடத்துல இதெல்லாம் சொல்ல வேண்டாமுங்க. மாப்பிள்ளைக்குத்தான் கொறச்சல்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். "யாராவது கேட்டா இனிமே சொல்லிருவேன் சம்பந்தி. நானாப் போயிச் சொல்ல மாட்டேன்" என்றேன். அவரிடம் அப்படிப் பேசியது எனக்கே புதிதாக இருந்தது.

இப்போது பேருக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா, "பேரு நல்லாருக்கான்னு வாசிச்சுப் பாத்தாத் தெரியுமா? கூப்பிட்டுல்ல பாக்கணும்" என்று சொல்லிவிட்டு வாசலில் இறங்கி நின்றாள். நான் பைப்படிப் பக்கம் சரிவில் இறங்கி நின்றேன். அவள் அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். சோபியா பாதி வழியில் காற்றோடு போய்விட்டது. கிளாரா கேட்டது. ஐரின் மெல்லிசாக வந்தது, ஆனால் இனிமையாக இருந்தது. ஸ்டெல்லா என்று கடைசி எழுத்தை நீட்டிக் கூப்பிட்டபோது பள்ளத்தாக்கில் போய் இடித்துத் திரும்பி வந்தது. பக்கத்து லயத்திலிருந்து ஆள் எட்டிப் பார்த்து, "யாரத் தேடுதீங்கக்கா?" என்று கேட்க, "எங்க பேத்தியத்தான். இன்னும் வரல" என்றாள் அம்மா. அவளுக்கு ஸ்டெல்லா பிடித்திருக்கிறது. எனக்கு ஐரின். ஆனால் நான் எடுத்துக் கொடுக்க மாட்டேன், அது நீயும் மருமகள் காயத்ரியும் எடுக்க வேண்டிய பேர். குலசாமி பேரையும் கூடச் சேர்த்து வையுங்கள், அந்த மனுஷர் ஆசைப்படுகிறார், ஒரு பிள்ளைக்கு இரண்டு பேர் பாரம் ஆகாது.

அர்த்தத்தைப் பார்த்து ரொம்ப மயங்காதே. சமாதானம் என்று பேர் வைத்த பிள்ளை சண்டைக்காரியாக வளரலாம். பேர் எங்கிருந்து வந்தது என்பதும் இவ்வளவு வருஷம் நான் பயந்த அளவுக்குப் பெரிய விஷயமில்லை. கிரேக்கத்திலிருந்து வந்தால் என்ன, பங்களாவிலிருந்து வந்தால் என்ன, வைத்த பிறகு அது அவள் பேர். நாளைக்கு ஒரு ஆபீஸில் யாராவது அதைத் தப்பாக எழுதினால், நின்று திருத்தச் சொல்லு. சங்கடப்படாதே. பெரிய மனுஷர் யாராவது சிரித்தால் கூடச் சேர்ந்து சிரிக்காதே. அவள் பேரைக் கேட்கும்போது அவளே சொல்லட்டும், அவள் உன்னைத் திரும்பிப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டு. உனக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

இருபத்தெட்டாம் நாளுக்கு முந்தின நாள் நானும் அம்மாவும் மூணாறு போய் உடுமலைப்பேட்டை பஸ் பிடிக்கிறோம். பொள்ளாச்சியில் மாறி, பொழுது சாய்வதற்குள் நல்லேப்பிள்ளி வந்துவிடுவோம். அதற்குள் உனக்குப் பேசப் பிடிக்கவில்லை என்றால் போன் பண்ண வேண்டாம். குழந்தை காதில் பேர் சொல்ல வேறு ஆளைச் சொல்லியிருந்தாலும் நான் வருத்தப்பட மாட்டேன், ஓரமாக நின்று பார்ப்பேன். ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். பங்களாவில் இருந்த அந்த இரண்டு நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இருபத்தைந்து வருஷத்தில் நீ ஒருதடவைகூட அதைப் பேசியதில்லை. கேட்க எனக்கும் தைரியம் வந்ததில்லை. இல்லை என்றால், இந்தக் கடிதத்தால் நான்தான் அதை உனக்குத் திரும்பக் கொடுத்தவன் ஆவேன், அதற்கும் என்னை மன்னிக்க வேண்டும். இருக்கிறது என்றால், எல்லாம் தெரிந்துகொண்டேதான் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் ரெக்ஸ் என்று எழுதி, அதற்குக் கீழே அப்பா பேர் என்ற இடத்தில் என் பேரையும் எழுதியிருக்கிறாய். எதுவானாலும் வாசலிலேயே சொல்லிவிடு. அதைக் கேட்ட பிறகுதான் பேத்தியைக் கையில் வாங்குவேன்.

சூரியநெல்லியிலிருந்து,
உன் அப்பா